மூன்று அங்குலத்தில் ஓர் ஊர்

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல மடக்குக் கத்தி ஒன்றைக் கையில் எடுத்து, அலகில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தால் முதலில் ஒரு முரண்டு தெரியும். பிறகு இளகிக் கொடுக்கும். பாதி வழியில் ஒரு கணம் நின்று யோசிக்கும். அப்புறம் மீதித் தூரத்தைத் தானாகவே தாவி, 'டக்'! எங்கள் ஆச்சியின் பித்தளை வெற்றிலைச் செல்லம் மூடும்போது இப்படித்தான் ஒரு சத்தம் கேட்கும். அழுத்தமான, தீர்மானமான, இனி ஒன்றும் பேசுவதற்கில்லை என்கிற சத்தம். கத்தி சேகரிப்பவர்கள் இதைக் கத்தியின் நடையும் பேச்சும் என்பார்கள். அலகு சுழன்று வருவது நடை. வந்து உட்காரும்போது போடும் சத்தம் பேச்சு. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அரம் பிடித்து ராவி ராவிப் பொருத்திய கத்தி இன்றைக்கும் அதே மாதிரி நடக்கிறது, அதே மாதிரி பேசுகிறது. இதைவிடப் பெரிய அதிசயம் ஒரு சட்டைப்பைக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகி இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வந்த முதல் ஏழு வருஷம் இந்த ஊர் கத்திக்குப் பேர்போனது என்று காதால் கேட்டேனே தவிர, ஒரு கத்தியைக்கூடத் தொட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் இட்லிப் பானைக்கு ஆகிற மாதிரி ஏதாவது மூடி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தபோது, பச்சை வெல்வெட் துணி விரித்த மேசை ஒன்றில் வரிசையாக மடக்குக் கத்திகள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். அலகு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. ஆனால் பிடி! பழுப்பும் கறுப்பும் கலந்து, மரப்பட்டை போலச் சொரசொரவென்று, விரல் படும் இடங்களில் மட்டும் தேன்நிறத்தில் வழவழத்து... கீழே வைக்க மனசே வரவில்லை.

"இது என்ன எலும்புங்க?" என்று கேட்டேன்.

மேசைக்குப் பின்னால் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "எலும்பு இல்லை, லவ். கொம்பு," என்றார். ஷெஃபீல்டில் பஸ் ஓட்டுகிறவர் முதல் பல் டாக்டர் வரை எல்லாரும் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் பக்கத்தில் 'தாயீ' என்பது மாதிரி. "உங்க நாட்டு மானோட கொம்பு. சாம்பர்."

சாம்பர் என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. மிளா! பாபநாசம் மேலே, முண்டந்துறைக் காட்டில், சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது பாதையோரம் நின்று எங்களைப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்துபோகுமே, அதே மிளா. மற்ற மான்களின் கொம்பில் நடுச்சோறு அதிகம்; மிளாக் கொம்பு கெட்டி. இழைத்துத் தகடாக்கிப் பிடியில் அறைந்தால் உள்ளே பொத்தல் தெரியாது. அதனால் ஷெஃபீல்டுக் கத்திக்காரர்களுக்கு இந்தியக் காடுகளின் கொம்பு என்றால் உயிர். வருஷா வருஷம் மிளா உதிர்த்துப் போடும் கொம்பைப் பொறுக்கிச் சேர்த்துக் கப்பல் கப்பலாக அனுப்பியிருக்கிறார்கள். 1990களின் கடைசியில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆக என் கையில் இருந்தது இனி வராத ஒரு பொருள். எட்டு பவுண்டு கொடுத்து வாங்கினேன். அந்த எட்டு பவுண்டுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல செலவு என்று என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

நம் ஊரில் இதைப் பேனாக்கத்தி என்கிறோம். பெயர் சும்மா வரவில்லை. இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில் முனையைச் சீவச் சீவத்தான் எழுத்து ஓடும். அதற்கென்று மேசையில் இருந்த குட்டிக் கத்தி அது. பேனாவின் காலம் மாறி, இறகும் போய், கத்தி மட்டும் பழைய பெயரோடு பையில் தங்கிவிட்டது.

இதன் உள்கட்டு இருக்கிறதே, அதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே பூட்டு கிடையாது, பொத்தான் கிடையாது. அலகு, முதுகில் ஒரு வில், இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு, அதன் மேல் கொம்போ மரமோ, முனைகளில் உலக்கைக்குப் போடுவது போல ஒரு பூண், எல்லாவற்றையும் கோக்க நாலைந்து ஆணிகள். அவ்வளவுதான். அலகின் அடிக்கட்டை சதுரமாக இருக்கும். திறக்கும்போது அந்தச் சதுரத்தின் மூலை வில்லை உயர்த்தும். தட்டையான பக்கம் வந்ததும் வில் சப்பென்று இறங்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் நிற்கிறது என்றேனே, அது சதுரத்தின் நடுப்பக்கம். வில்லின் விறைப்பு ஒரு மயிரிழை கூடினால் நகம் பிய்ந்துபோகும். குறைந்தால் அலகு தொளதொளக்கும். திறந்திருக்கும்போதும், பாதியிலும், மூடியிருக்கும்போதும், மூன்று நிலையிலும் வில்லின் முதுகு தகடுகளோடு ஒரே மட்டமாக நிற்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் எங்கும் தட்டக்கூடாது. இதை அளவுகோல் வைத்துச் செய்ததில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்த்து, மறுபடி ராவி, மறுபடி பார்த்து... கையும் கண்ணும்தான்.

இங்கிலாந்தின் சட்டமும் இந்தக் கத்தியின் பக்கம் நிற்கிறது. 1988-ஆம் வருஷத்துக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, மடக்கக்கூடிய, பூட்டிக்கொள்ளாத, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத கத்தியைக் காரணம் சொல்லாமலே பையில் வைத்துக்கொள்ளலாம். அலகு நிமிர்ந்து பூட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் அந்தச் சலுகை இல்லை. ஷெஃபீல்டின் பழைய பேனாக்கத்திகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. மூன்று அங்குலம் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஆப்பிள் நறுக்க, பார்சல் நூல் அறுக்க, மல்லிகைச் செடிக்குக் காய்ந்த கிளை ஒடிக்க, கறிவேப்பிலைக் காம்பு கிள்ள, இன்றுவரை எனக்கு நாலாவது அங்குலம் தேவைப்பட்டதில்லை.

முதல் கத்தி வந்த பிறகு ஊரே வேறாகத் தெரிய ஆரம்பித்தது. ஷெஃபீல்டில் ஐந்து ஆறுகள். டான், ஷீஃப், ரிவெலின், லாக்ஸ்லி, போர்ட்டர். நம் தாமிரபரணியைப் பார்த்தவர்கள் இவற்றை ஓடை என்பார்கள். ஆனால் மலையிலிருந்து சரசரவென்று இறங்குவதால் சக்கரம் சுழற்ற இவற்றுக்கு இணை கிடையாது. ஒரு காலத்தில் இந்த ஓடைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நீர்ச்சக்கரம் ஓடியிருக்கிறது. போர்ட்டர் கரையில் ஷெப்பர்டு வீல் என்று ஒரு சாணைக்கூடம் இன்னும் அப்படியே இருக்கிறது. மதகைத் திறந்துவிடும் நாளில் போய் நின்று பாருங்கள். சக்கரம் முனகிக்கொண்டு புரள, உள்ளே தோல் பட்டைகள் ஓட, வரிசையாகச் சாணைக்கற்கள் சுற்ற, தரை காலுக்கடியில் அதிரும். சாணை பிடிப்பவர்கள் குதிரைமேல் உட்காருவது போலக் கல்லுக்குப் பின்னால் மரச்சேணத்தில் கால் பரப்பி உட்கார்ந்து, அலகைக் கல்லின் மேல் குனிந்து அழுத்துவார்களாம். அந்தக் கல்தூள் நெஞ்சில் இறங்கி எத்தனையோ பேரை இளம் வயதிலேயே கொண்டுபோயிருக்கிறது. முள்கரண்டிக்கு உலர்சாணை பிடித்தவர்களின் ஆயுள்தான் எல்லாரிலும் குறைவு. ஒவ்வொரு பழைய அலகையும் நான் இரண்டு கையாலும் வாங்குவது அதனால்தான்.

ஒரு கத்தியை ஒரே ஆள் முழுக்கச் செய்யவில்லை என்பதையும் இங்கேதான் தெரிந்துகொண்டேன். அடித்து நீட்டுபவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி பொருத்திக் கோப்பவர் வேறொருவர். இவர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்வார்கள். ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, தன் ஒரு வேலையை மட்டும் ஆயுசு முழுக்கச் செய்தவர்கள். மெருகு போட்டது பெண்கள். கைகாலெல்லாம் பழுப்புத்தாள் சுற்றி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டி, நாள் முழுக்கத் தூசியில் நின்றவர்கள். கத்தியில் முத்திரையாக ஒரு கம்பெனிப் பெயர்தான் இருக்கும். இவர்கள் யாருடைய பெயரும் இருக்காது. ஆனால் நடையிலும் பேச்சிலும் இருப்பது இவர்கள்தான்.

இதோடு நிற்கவில்லை என் ஆச்சரியம். 1740களில் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், தன் கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை என்று தானே களிமண் மூசையில் எஃகை உருக்கிப் பார்த்தார். வில்லுக்காகப் பிறந்த எஃகு! உள்ளூர்க் கத்திக்காரர்கள் முதலில் 'ரொம்பக் கடினம், வேண்டாம்' என்று ஒதுக்கினார்கள். பிரான்சுக்காரர்கள் வாங்கிக் கொண்டாடிய பிறகுதான் இவர்கள் இறங்கி வந்தார்கள். மூசையில் எஃகு உருக்கும் வித்தை நம் பக்கத்தில் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. கொடுமணல் அகழாய்வைப் படித்தவர்களுக்குத் தெரியும். நம் உருக்கை இவர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதை எடுத்துக் கத்தி செய்து பார்த்தார். அவரோடு சேர்ந்து அதன் ரகசியத்தைத் துருவியவர் யார் தெரியுமா? மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே. 1820 வாக்கில் இருவரும் செய்த கலப்பு எஃகுச் சோதனைகளின் அடுத்த கட்டம் ஷெஃபீல்டு உலைகளில்தான் நடந்தது. ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து குடியேறினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரின் கொம்பும் இரும்பும் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கின்றன.

சரி, மாற்றிக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பித்தின் உச்சம் அதுதான். காசு கொடுத்து வாங்கினால் கத்தி கிடைக்கும். கத்தி கொடுத்துக் கத்தி வாங்கினால் கண் கிடைக்கும். ஏனென்றால் என் கையில் இருப்பது எதற்குச் சமம் என்று சொல்ல, அதை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். எதிராளி கையில் இருப்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

என் முதல் மாற்று இப்படி ஆரம்பித்தது. ஒரு தர்மக் கடையில் பழைய ஸ்பூன்களோடு கலந்து ஒரு குட்டிக் கத்தி கிடந்தது. முத்துச்சிப்பிப் பிடி. அலகு வெள்ளையாக, மொண்ணையாக இருந்தது. பதினைந்து பவுண்டு. பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்து, "பழக்கத்தி, லவ். அலகு வெள்ளி," என்றார். எலுமிச்சை, பேரிக்காய் போன்ற பழங்களின் புளிப்பு இரும்பில் பட்டால் ருசி கெடும் என்பதால், வசதியானவர்கள் வெள்ளி அலகு போட்ட மடக்குக் கத்தியைப் பையில் வைத்திருந்திருக்கிறார்கள். வெள்ளி என்பதால் முத்திரை உண்டு. ஷெஃபீல்டு வெள்ளிச் சோதனை அலுவலகம் 1773-இல் வந்தது. அது 1974 வரை போட்ட ஊர் முத்திரை ஒரு கிரீடம், அப்புறம்தான் ரோஜா. கிரீடத்துக்குப் பக்கத்தில் வருஷத்துக்கு ஓர் எழுத்து. புத்தகத்தை விரித்து எழுத்தைப் பொருத்தினோம். 1907! ஒரு கத்தி தன் பிறந்த வருஷத்தைத் தானே சொல்கிறது. அன்று மாலை அதே கத்தியால் ஒரு அல்போன்சா மாம்பழம் நறுக்கிச் சாப்பிட்டேன். அந்த ருசிக்கு என்னிடம் சொல் இல்லை.

இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு அதைப் பெரியவருக்கே கொடுத்து, பதிலுக்கு இரண்டு அலகுள்ள வேலைக்காரக் கத்தி ஒன்று வாங்கினேன். கையில் கொடுக்கவில்லை. கத்தி, அரிவாளை யார் கையிலும் நேராகக் கொடுக்கக்கூடாது, கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆச்சி சொல்லி வளர்த்தது. மேசையில் வைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்னிக் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கத்தியைச் சும்மா வாங்கினால் நட்பு அறுந்துபோகும், ஒரு காசாவது கொடுக்க வேண்டும் என்பது இவர்கள் பாட்டி சொன்னது. மாற்றுதானே, காசு எதற்கு என்றேன். "இருக்கட்டும்," என்றார். அதற்கப்புறம் எங்களுக்குள் எத்தனையோ மாற்று நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் மேசையில் வைப்பேன், அவர் காசு வைப்பார். அந்தக் காசுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்த இரட்டை அலகுக் கத்தி ஓர் அமெரிக்கரிடம் போனது. பென்சில்வேனியாவின் பிராட்ஃபர்டில் செய்யும் 'கேஸ்' கம்பெனிக் கத்திகளைச் சேர்ப்பவர் அவர். பதிலுக்கு 6254 என்ற எண் போட்ட கத்தி கொடுத்தார். அந்த எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார் பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. 6 என்றால் பிடி எலும்பு, 2 என்றால் அலகு இரண்டு, 54 என்பது உருவம். முத்திரைக்கடியில் புள்ளிகள். 1970-இல் பத்துப் புள்ளி. வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்களாம். எண்ணினேன், ஏழு. 1973. நான் பிறந்த வருஷம்! அதை விடவே மாட்டேன் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றரை வருஷம் கழித்து விட்டுக்கொடுத்தேன், எதற்கென்றால், ஜோசப் ராட்ஜர்ஸுக்காக.

ராட்ஜர்ஸ் பெயரைச் சொன்னாலே இங்கே பழையவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அந்தக் கத்திக் கம்பெனியின் அடையாளம். 1822-இல், அந்த வருஷத்தின் எண்ணிக்கைக்கே அலகு வைத்து ஒரு பிரம்மாண்டக் கத்தி செய்தார்கள். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு எழுபத்தைந்து அலகும் கருவியுமாக நார்ஃபோக் கத்தியைச் செய்தார்கள். எனக்கு அந்த வித்தைகளைவிட அவர்கள் சாதாரண வேலையாளுக்குச் செய்த கத்திதான் பெரிது. என் கைக்கு வந்தது அப்படி ஒன்று. கருங்காலிப் பிடி, ஒரே அலகு. ஆட்டுக்குட்டிக் கால் என்று பெயர் உள்ள உருவம், 'லேம்ஸ்ஃபூட்' என்பார்கள். விளிம்பு கோடு போட்டது போல நேர், முதுகு மட்டும் முனையை நோக்கிச் சரிந்து இறங்கும். ஷெஃபீல்டின் தனிச் சொத்து இந்த உருவம். நேர்விளிம்பு என்பதால் சாணைக்கல்லில் படுக்கப் போட்டு இழுத்தால் போதும், ஒரு குழந்தைகூடத் தீட்டிவிடும்.

அலகின் அடியில் முத்திரை தேய்ந்திருந்தது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு V, நடுவில் கிரீடம், ஒரு R. விக்டோரியா ராணி! 1837-க்கும் 1901-க்கும் நடுவில் முத்திரை குத்தியது. கீழே ஷெஃபீல்டு என்று மட்டும் இருந்தது. 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லை. அதுவும் ஒரு துப்பு. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போட்டே ஆக வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் அமலுக்கு வந்த பிறகுதான், கப்பலேறும் கத்திகளில் நாட்டின் பெயர் வழக்கமாக ஏறியது. இப்படி ஒரு சுண்டுவிரல் நகம் அளவு இரும்பில் இருந்து ஒரு ராணியையும் ஒரு சுங்கச் சட்டத்தையும் படிக்க முடிகிறது. சொல்லுங்கள், இதற்கு ஈடு உண்டா?

அந்தக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய கத்தி துருப்பிடிக்காத எஃகு அல்ல. அதை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டுபிடித்ததே 1913-இல்தான். அதற்கு முந்தையது கார்பன் எஃகு. உப்பும் புளியும் பட்டால் நிறம் மாறும். கிளிமூக்கு மாங்காய் ஒன்று நறுக்கிவிட்டு, கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள், மயில் கழுத்து போல நீலமும் ஊதாவும் படர்ந்திருக்கும். நாள்பட நாள்பட அது அமைதியான சாம்பல் நிறமாகிவிடும். துரு வேறு, இது வேறு. துரு தின்னும், இந்த நிறம் காக்கும். எங்கள் வீட்டு அரிவாள்மனைக்கும் இதே நிறம்தான் இருந்தது, அம்மா ஒருநாளும் அதைத் தேய்த்ததில்லை.

ஆனால் நான் தேய்த்தேன். ஆரம்பத்தில் வாங்கிய ஒரு கத்தியைப் 'பளிச்' என்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், உப்புத்தாள் போட்டு, மெருகுச் சக்கரத்தில் பிடித்து, கண்ணாடி போல ஆக்கினேன். முத்திரை போயே போய்விட்டது. பெரியவர் வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. விரலால் அந்த இடத்தைத் தடவிவிட்டு, "இங்கே ஒருத்தர் பேர் இருந்திருக்கும்," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி அழுதேன். அந்தக் கத்தியை யாருக்கும் மாற்றவில்லை. இனி எந்தக் கத்தி வந்தாலும் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு பருத்தித் துணி, பொறுமை. அழுக்கு இளக ஒரு வாரம் ஆகட்டும்.

மாற்றுக்கு எழுதாத சில முறைகள் உண்டு. குறையை முதலில் சொல்ல வேண்டும். அலகு ஆடுகிறதா, வில்லில் விரிசல் இருக்கிறதா, பிடிக்குள் ஆணிப் பக்கம் வெடித்திருக்கிறதா, அலகு எவ்வளவு தேய்ந்தது, பிடி பிற்பாடு மாற்றியதா. நல்லதை எதிராளியே கண்டுபிடித்துக்கொள்வார். தந்தப் பிடி மட்டும் மேசைக்கே வரக்கூடாது. 2022-இல் அமலுக்கு வந்த தந்தச் சட்டம் கடுமையானது, மாற்றிக்கொள்வதும் விற்பனைக் கணக்கில்தான் சேரும். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. யானையைப் பார்த்து வளர்ந்தவள் நான். மிளா தானாக உதிர்த்த கொம்புக்கும், கொன்று எடுத்த தந்தத்துக்கும் நடுவில் உள்ள தூரம் எனக்கு நன்றாகவே தெரியும்.

பிற நாட்டுக் கத்திகளும் இந்த வழியாகத்தான் வீடு தேடி வந்தன. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி ஒன்று வந்தது. மடித்த பித்தளைத் தகடே பிடி, வில்லே கிடையாது, அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வெட்ட வேண்டும். அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு காலத்தில் பென்சில் சீவியது இதில்தான். இவ்வளவு குறைவாக வைத்து இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்யலாமா என்று இன்றும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

பிரெஞ்சுக் கத்திகளுக்கு நான் அடிமையானது ஒரு பிரெஞ்சு நண்பரால். சவோய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்த கத்தி எத்தனை எளிது! பீச் மரப்பிடியில் ஒரு வெட்டு, ஓர் அலகு, ஓர் ஆணி. அலகில் கிரீடம் வைத்த கை, மூன்று விரல் நீட்டியபடி. ஸான் ழான் த மோரியென் ஊர்த் தேவாலயத்தில் போற்றும் திருமுழுக்கு யோவானின் விரல்கள் அவை, கிரீடம் சவோய் பிரபுக்களின் நினைவு. 1955-இல்தான் கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் வந்தது. மழையில் மரம் உப்பி அலகு சிக்கிக்கொண்டால், பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு தலையை நீட்டும். சவோய்க்காரர் தட்டு என்றே அதற்குப் பெயர். லாகியோல் கத்தியோ இதற்கு நேர்மாறு, ஒயிலாக வளைந்து, வில்லின் மேல் ஒரு தேனீ உட்கார்ந்திருக்கும். அது ஒரு மலை ஊரின் பெயர், ஊர்க்காரர்கள் 'லையோல்' என்று சொல்வார்கள். 1829-இல் அங்கே பிறந்த கத்தி. பிடியில் குட்டிக் குட்டி ஆணிகளால் ஒரு சிலுவை பதித்திருக்கும். காட்டில் கோயில் இல்லாத இடத்தில் மேய்ப்பன் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி ஜெபம் செய்வானாம். இது கதைதான், ஆனால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் நம்பாமல் இருக்க முடியாது.

தியேர் என்ற ஊர் பிரான்சின் ஷெஃபீல்டு. துரோல் ஆற்றங்கரையில் ஆறு நூற்றாண்டாகக் கத்தி செய்கிறார்கள். அங்கே சாணை பிடித்தவர்கள் உட்காரவில்லை. கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்து வேலை செய்தார்கள். குளிருக்கு இதமாக அவர்கள் கால்மேல் நாய் படுத்திருக்கும். அந்தப் பழைய புகைப்படத்தை என் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, நாய் மட்டும் கேமராவைப் பார்க்கிறது.

வருஷா வருஷம் மே மாதம் அந்த ஊரில் கத்தித் திருவிழா. பல நாட்டுக் கத்திக்காரர்கள் வருவார்கள். இந்த மே மாதம் முதன்முறையாக நான் போகிறேன். என் மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கத்திகள் கைப்பையில் வராது, பெட்டியில்தான் போக வேண்டும் என்பதால், ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தாயிற்று. ரோஜாமரப் பிடி போட்ட கவாத்துக் கத்தி ஒன்று, பார்லோ இரண்டு, மாலுமிக் கத்தி ஒன்று. பூண் மட்டும் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும் அந்தப் பார்லோதான், மார்க் ட்வைன் கதையில் டாம் சாயருக்குக் கிடைத்ததே, அதே ஜாதி. அந்தப் பிரெஞ்சு நண்பர் போனில் தன் தாத்தாவின் லாகியோலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மாட்டுக்கு வயிறு ஊதினால் குத்திக் காற்றை வெளியேற்றும் ஊசியோடு கூடிய பழைய மாதிரி. அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று கேட்டேன். "உங்களிடம் ஒரு மிளாக் கொம்பு இருக்கிறதாமே" என்றார். சாம்பர் என்றுகூடச் சொல்லவில்லை, மிளா என்றே சொன்னார். போன தடவை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பெரியவரிடம் யோசனை கேட்டேன். அவரும் பன்னிரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர். எட்டு பவுண்டுக்கு விற்றதை நினைத்து இன்றும் தலையை ஆட்டுவார். "கொண்டு போகாதே, லவ்," என்றார். "கொண்டுபோனால் கொடுத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்."

பெட்டியைத் திறந்து சுற்றி வைத்த துணிகளை இன்னொரு தடவை எண்ணினேன். ஐந்து இருந்தன. ஐந்தாவதைப் பிரித்து, நகத்தைக் கொடுத்து ஒரு தடவை திறந்தேன், மூடினேன். டக். அதை எடுத்து அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாலோடு பெட்டியைப் பூட்டினேன்.